பெரியவர்களுக்கும் ‘அணில், ஆடு’தானா?

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

முதியோர் கல்வி பற்றி உங்கள் இதழில் வந்த கட்டுரையில், வயதானால் மனதில் ஏறாது என்று போகிற போக்கில் ஒரு வரி இருந்தது. தொடக்கப் பள்ளியில் 30 வருடம் பாடம் நடத்தி ஓய்வு பெற்று, ஆறு வருடமாகப் பெரியவர்களுக்கு எழுத்து சொல்லித் தருகிறவள் என்ற முறையில் இதை ஏற்க முடியவில்லை. ஏறாமல் போவதற்குப் பெரும்பாலும் நாங்கள் நடத்தும் விதம்தான் காரணம்.

முதல் மாதம் நானும் அந்தத் தவறைச் செய்தேன். குழந்தைகளின் பட அட்டைகளையே கொண்டுபோய், அ அணில், ஆ ஆடு என்று எல்லோரையும் சேர்ந்து சொல்லச் சொன்னேன். ஐம்பதைத் தாண்டிய கொத்தனார் ஒருவர் வாயே திறக்கவில்லை. மறுநாள் வரவும் இல்லை. வழியில் பார்த்துக் கேட்டதற்கு, “பேரன் படிக்கிறதை நானும் உக்காந்து படிக்கணுமாம்மா?” என்றார். சரி, நீங்கள் எதைப் படிக்க வந்தீர்கள் என்று அப்போதுதான் கேட்டேன். “கணக்கு நோட்டுல என் பேருக்கு நேரா என்ன எழுதியிருக்குன்னு தெரியணும்.”

அடுத்த வகுப்பை அவர் பெயரிலும் ‘நாள்’, ‘கூலி’, ‘பாக்கி’ என்ற சொற்களிலும் தொடங்கினோம். பென்சிலை இறுக்கிப் பிடித்ததில் முனை இரண்டு முறை ஒடிந்தது. தடிமனான ஸ்கெட்ச் பேனா கொடுத்தேன். ‘பாக்கி’யில் இருந்த புள்ளியைத் தொட்டு, “இது இல்லேன்னா என்னாகும்?” என்றார். புள்ளியை மறைத்து, “பாககி” என்று படித்துக் காட்டினேன். உடனே மற்ற சொற்களிலும் விரலை ஓட்டி, “நாள்ல இருக்கு, கூலியில இல்ல” என்றார். மெய்யெழுத்து என்றால் என்ன என்பதைக் குழந்தைகளுக்குப் புரியவைக்க எனக்கு ஒரு வாரம் ஆகும்.

பிரேசிலில் கல்வியாளர் பாவ்லோ ஃப்ரெய்ரே 1963இல் அங்கிகோஸ் என்ற ஊரில் சுமார் 300 தொழிலாளர்களுக்கு 40 மணி நேரத்தில் எழுதப் படிக்கக் கற்றுத்தர முனைந்தபோது, அவர்கள் வாயில் புழங்கிய சொற்களிலிருந்தே ஆரம்பித்தார்.

வயதாக ஆக வேகம் குறையும், உண்மைதான். நாற்பதுக்கு மேல் பக்கத்தில் இருப்பதும் மங்கலாகத் தெரியும். பலர் தடுமாறுவது எழுத்து பொடியாக இருப்பதால்தான். ஆனால் சொல்வளமும் உலக அனுபவமும் எளிதில் குறைவதில்லை. அப்புறம், நோட்டை மூடிவைத்து நேற்றைய சொற்களை நினைவிலிருந்து எழுதவைத்தால், திரும்பத் திரும்பப் படிக்க வைப்பதைவிட நன்றாகத் தங்குகிறது. யாரையும் கரும்பலகைக்கு மட்டும் கூப்பிடாதீர்கள். நான்கு பேர் முன்னால் தப்பாக எழுதிய பெரியவர் மறுநாள் வரமாட்டார்.

வகுப்பில் சேரும்போது பெயர், வயது, முகவரி எல்லாம் எழுதி வாங்குகிறோம். ‘எதைப் படிக்க வந்தீர்கள்?’ என்று அந்தப் படிவத்தில் ஒரு வரி சேர்க்க வேண்டும். முதல் வாரப் பாடத்தை அந்தப் பதிலை வைத்தே நடத்த வேண்டும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர்