அடுப்பை மறுபடி மூட்டவைத்தவர்களுக்கு

பாளையங்கோட்டையில் எங்கள் சபையார் எல்லாருக்கும், தெருக்காரர்களுக்கும் ஸ்தோத்திரம்.

அக்டோபரில் என் வீட்டுக்காரர் கர்த்தருக்குள் நித்திரையடைந்த பிறகு ஐந்தாறு மாதம் இட்லிக்கடையைத் திறக்கவில்லை. விடியக்காலம் 4 மணிக்கு விறகடுப்பை மூட்டுவது அவர் வேலை. இன்னொன்றும் உண்டு, யாரிடமும் சொன்னதில்லை. இட்லி அவித்து விற்பதில் என்ன இருக்கிறது, பரலோகம் போகும்வரை நாளைத் தள்ளினால் போதும் என்று இருந்துவிட்டேன். ("அங்கே பார்ப்பீர்கள்" என்று ஆறுதல் சொன்னவர்கள் கோபிக்கக் கூடாது, அப்போது அது எனக்கு எட்டவில்லை.)

ஈஸ்டருக்கு முந்தின சனிக்கிழமை மத்தியானம் பெண்கள் ஐக்கிய சங்கத்து அக்காமார் இரண்டு பேர் வந்தீர்கள். கையில் ஊறவைத்த அரிசி, நாலு படிக்கு ஒரு படி கணக்கில் உளுந்து. கல்லறைத் தோட்டத்து ஆராதனை முடிந்து வருகிறவர்களுக்கு இட்லி வேண்டும் என்றீர்கள். முடியாது என்றேன். நீங்கள் பதில் பேசாமல் கிரைண்டரைத் துடைக்க ஆரம்பித்தீர்கள். அது ஒரு தடவை உறுமிவிட்டு நின்றுபோனது. மாவு மில் பாய் கடை அடைக்கிற நேரத்தில் அரைத்துக் கொடுத்தார், காசு வாங்கவில்லை. பாய், உங்களுக்குத் தனியாக நன்றி.

மறுநாள் இருட்டோடு கல்லறைகளில் மெழுகுவர்த்தி ஏற்றி நின்றோம். எங்கள் சபைப் போதகர் ஐயரவாள் யோவான் சுவிசேஷம் 21-ஆம் அதிகாரத்தை எடுத்தார்கள். உயிர்த்தெழுந்த ஆண்டவர் திபேரியாக் கடற்கரையில் கரிநெருப்புப் போட்டு மீன் வைத்திருக்கிறார். ராத்திரி முழுக்க வலை போட்டு வந்த சீஷர்களை "வாருங்கள், போஜனம்பண்ணுங்கள்" என்கிறார். எத்தனை வருஷமாகக் கேட்கிற பகுதி! மரணத்தை ஜெயித்தவர் காலைப் பலகாரம் செய்திருக்கிறார் என்பது அன்றைக்குத்தான் காதில் விழுந்தது. சீஷனாகிய பேதுரு ஆண்டவரைத் தெரியாது என்று மறுதலித்ததும் ஒரு கரிநெருப்புப் பக்கத்தில்தான், திரும்ப வேலையில் வைக்கப்பட்டதும் ஒரு கரிநெருப்புப் பக்கத்தில்தான் என்று ஐயரவாள் சொன்னபோது, வீட்டில் சாம்பல்கூட அள்ளாமல் கிடந்த என் அடுப்புதான் ஞாபகம் வந்தது.

அன்று முதல் ஈடு கல்லாக இருந்தது. ஒருவரும் சொல்லவில்லை, அதற்கும் நன்றி. பிரயாசம் விருதாவாயிராது, அதாவது பட்ட பாடு வீண்போகாது என்கிற 1 கொரிந்தியர் 15-இன் கடைசி வசனத்தை மகன் அட்டையில் எழுதி அடுப்புக்கு மேலே ஒட்டியிருக்கிறான். அதற்குள் எண்ணெய் பட்டுவிட்டது.

இப்போது ஞாயிறு தவிர தினமும் காலை 6 மணிக்குக் கடை உண்டு. அப்புறம், அன்று சாம்பார் வந்த பச்சை மூடித் தூக்குவாளி என்னிடம்தான் இருக்கிறது. யாருடையதென்று தெரியவில்லை, வந்து வாங்கிக்கொள்ளுங்கள்.