பத்து விநாடி வித்தியாசம்

அன்புள்ள கேசவா,

பதில் போடாமல் இழுத்தடித்துவிட்டேன், திட்டிக்கொள். வீட்டில் எல்லோரும் சௌக்கியம். அம்மாவுக்கு முட்டிவலி குறைந்திருக்கிறது. செல்வம் இன்னமும் உன் வெர்னியர் கதையைச் சொல்லிச் சிரிக்கிறான்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். நியூட்ரான் ஆயுள் சண்டை ஞாபகம் இருக்கிறதா? அணுக்கருவுக்கு வெளியே தனியாக விட்ட நியூட்ரான் சராசரியாகக் கால் மணி நேரம்கூடத் தாங்காது. பீட்டா சிதைவில் புரோட்டான், எலக்ட்ரான், எதிர்நியூட்ரினோ என்று பிரிந்துவிடும். அந்தச் சராசரி சரியாக எத்தனை விநாடி என்பதில்தான் தகராறு.

அமெரிக்காவில் லாஸ் அலமோஸ் ஆய்வுக்கூடத்தில் காந்தங்கள் பதித்த ஒரு பெரிய கிண்ணம் வைத்திருக்கிறார்கள். நாம் ஓடினாலே முந்திவிடக்கூடிய வேகத்தில் நகரும் மீக்குளிர் நியூட்ரான்களை அதில் விடுகிறார்கள். மேலே மூடி கிடையாது. புவியீர்ப்பே போதும், எகிறி வெளியே போகாது. கொஞ்ச நேரம் கழித்து மேலிருந்து ஒரு தகட்டை இறக்கி, மிச்சம் எத்தனை என்று எண்ணுகிறார்கள். 2021இல் வந்த விடை 877.75 விநாடி. கெய்தர்ஸ்பர்க்கில் நிஸ்ட் என்ற அமெரிக்க அளவைத் தர நிறுவனம் செய்தது வேறு வழி: ஓடுகிற நியூட்ரான் கற்றையில் பிறக்கும் புரோட்டான்களைப் பொறியில் பிடித்து எண்ணுவது. 2013இல் அவர்களுக்குக் கிடைத்தது 887.7. ஒரு ரூபாய் உதைத்தாலே ராத்திரி முழுக்க பேரேட்டைப் புரட்டும் ஆடிட்டர் நீ. சொல், இந்தப் பத்து விநாடியை விட்டுவிட முடியுமா?

2018இல் ஃபோர்னல், கிரின்ஸ்டைன் என்ற இரண்டு இயற்பியலாளர்கள், சில நியூட்ரான்கள் புரோட்டானைத் தராமல் கண்ணுக்குத் தெரியாத இருண்ட துகளாக மாறிவிடலாம் என்றார்கள். அழகான யோசனைதான், ஆனால் எனக்கு அதில் மனம் ஒட்டவே இல்லை. இப்போது ஜப்பானில் ஜே-பார்க் என்ற துகள் முடுக்கி மையத்தின் குழுவும் கற்றை முறையில்தான் அளந்திருக்கிறது. ஆனால் அவர்கள் எண்ணியது புரோட்டானை அல்ல, ஹீலியம் வாயு நிறைந்த அறையில் எலக்ட்ரானை. விடை 877.2, கிண்ணத்தின் பக்கமே! பிழை எல்லை இன்னும் நான்கு விநாடி சுமார் இருக்கிறது, ஒப்புக்கொள்கிறேன். ஆனாலும் படித்ததும் உனக்கு எழுதாமல் இருக்க முடியவில்லை.

அப்புறம் பிரான்சில் கிரெனோபிள் ஆய்வுக்கூடத்தைப் பார். சிதைவில் எலக்ட்ரான்கள் நியூட்ரானின் தற்சுழற்சித் திசைக்கு எதிர்ப்பக்கமாகக் கூடுதலாகப் போகும். அந்தச் சாய்வை பெர்கியோ 3 என்ற சோதனை அளந்தது. அதிலிருந்து கணக்கிட்டால் ஆயுள் 879 பக்கம் வருகிறது. அதே கூடத்தில் ஆஸ்பெக்ட் என்ற இன்னொரு சோதனை புரோட்டானின் ஆற்றலை அளந்தது. அதை வைத்துப் போட்டால் 890 பக்கம் போகிறது. கவனித்தாயா, இங்கேயும் புரோட்டான்! அதன் ஆற்றல் அதிகபட்சமே 751 எலக்ட்ரான் வோல்ட்தான். பல ஆயிரம் வோல்ட் கொடுத்து முடுக்கினால்தான் உணர்கருவிக்கே தெரியும். வழியில் கொஞ்சம் தொலைந்தால் கணக்கில் வராது, ஆயுள் நீண்டதாகத் தோன்றும். ஆஸ்பெக்ட் விஷயம் அப்படியே இதுதான் என்று சொல்லமாட்டேன், ஆனால் நிஸ்ட் முறையில் என் சந்தேகம் அங்கேதான்.

இது வெறும் விநாடிச் சண்டை இல்லைடா. பிரபஞ்சத்தின் முதல் நிமிடங்களில் எவ்வளவு ஹீலியம் உருவானது என்பதே இந்த எண்ணைப் பிடித்துத்தான் நிற்கிறது. அது ஆடினால் எனக்குத் தூக்கம் வருவதில்லை.

டிசம்பரில் வரும்போது இரண்டு நாள் சேர்த்தே வா. ஜப்பான்காரர்களின் கட்டுரையை அச்செடுத்து வைத்திருக்கிறேன். பிழைப் பட்டியலை நீதான் வரிவரியாகப் பார்க்க வேண்டும்.

அன்புடன்,
பாலு