யோசித்து ஓட்டுப் போடாமல் இருப்பவர்களுக்கு ஒரு மடல்

அன்புள்ள நண்பர்களே,

சோம்பலில் வராமல் போகிறவர்களுக்கு அல்ல இந்த மடல். "யாருமே சரியில்லை, அதனால் போடப் போவதில்லை" என்று யோசித்து முடிவெடுத்தவர்களுக்கு. உங்கள் கோபத்தில் நியாயம் இருக்கிறது. நானும் ஒரு தேர்தலில் அப்படி வீட்டிலேயே இருந்தவன்தான். ஒதுங்கிக்கொண்டால் முடிவில் நமக்குப் பங்கில்லை என்று நினைத்திருந்தேன். அப்புறம் உட்கார்ந்து கணக்குப் போட்டுப் பார்த்தேன்.

ஒரு தொகுதியில் 1,000 வாக்காளர்கள் என்று வைத்துக்கொள்வோம். ஒரு வேட்பாளருக்கு, மழையோ வெயிலோ, வந்து குத்திவிட்டுப் போகும் 300 பேர் உண்டு. 900 பேர் வாக்களித்தால் அந்த 300 மூன்றில் ஒரு பங்கு. அவர் தோற்கவும் வாய்ப்பு இருக்கிறது. 500 பேர்தான் வந்தார்கள் என்றால் அதே 300 பேர் 60 சதவீதம். புதிதாக ஒருவரையும் அவர் தன் பக்கம் இழுக்கவில்லை. 900க்கும் 500க்கும் இடையே வராமல் போன 400 பேர் அவருக்குச் செய்த உதவி அது. அந்த 400 பேரில் பாதிக்கு மேல் அவரைப் பிடிக்காதவர்களாகவே இருந்திருக்கலாம்!

சரி, என் ஒரு ஓட்டால் என்ன ஆகிவிடும் என்பீர்கள். 2008இல் ராஜஸ்தானின் நாத்துவாரா தொகுதியில் மாநிலக் காங்கிரஸ் தலைவர் சி.பி. ஜோஷி 62,215 வாக்குகள் வாங்கினார். எதிர்த்து நின்றவர் 62,216. இதெல்லாம் அபூர்வம், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் உங்களைப் போலவே நினைத்து ஒதுங்குபவர் நீங்கள் ஒருவர் மட்டும் இல்லையே. 2000இல் அமெரிக்க அதிபர் யார் என்பதைத் தீர்மானித்த புளோரிடாவில் கிட்டத்தட்ட 60 லட்சம் வாக்குகள் பதிவாயின. வித்தியாசம் 537.

கட்சிகளும் இதைக் கவனிக்கின்றன. அமெரிக்காவில் நீங்கள் யாருக்குப் போட்டீர்கள் என்பதுதான் ரகசியம். போட்டீர்களா என்பது ரகசியம் இல்லை. அந்தப் பட்டியலை வைத்துக்கொண்டு, வழக்கமாக வருகிறவர்களின் கதவைத்தான் முதலில் தட்டுகிறார்கள்.

புறக்கணிப்புக்குப் பலன் உள்ள இடமும் உண்டு. இத்தாலியில் ஒரு சட்டத்தை நீக்கக் கோரும் பொதுவாக்கெடுப்பில் பாதிப் பேருக்கு மேல் வராவிட்டால் அது செல்லாது. அங்கே வீட்டில் இருப்பதே எதிர்ப்பு ஓட்டு. சட்டமன்ற, நாடாளுமன்றத் தேர்தலில் அப்படி ஒரு விதி நமக்கு இல்லை. 2013இல் வந்த நோட்டாவும் வெற்றியை மாற்றாது. ஆனால் அதற்கென்று ஒரு பொத்தான் இருக்கிறது, எண்ணி அறிவிக்கிறார்கள். வீட்டில் இருந்துவிட்டால், உங்கள் கோபமும் பக்கத்து வீட்டுக்காரரின் மதியத் தூக்கமும் வாக்குப்பதிவுக் கணக்கில் ஒன்றுதான்.

இப்படிக்கு,
ஒரு முறை வராமல் போனவன்