தூரை விட்டுவிட்டு மரத்தை மட்டும் விற்காதீர்கள்

பண்ருட்டி வட்டாரத்தில் முந்திரியும் பலாவும் வைத்திருக்கும் சொந்தங்களுக்கும், பட்ட மரம் வாங்கும் விறகு வியாபாரிகளுக்கும், மரம் அறுக்கும் மில்காரர்களுக்கும், தச்சுவேலை செய்யும் அண்ணன்மார்களுக்கும் வணக்கம். முந்திரி மரத்தைத் துளைத்துக் கொல்லும் ஒரு வண்டுப் புழு, நாம் விட்டுவைக்கும் தூரில் வளர்ந்து பக்கத்துத் தோப்புக்கும் பரவுவதைப் பற்றித்தான் இந்தக் கடிதம்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் பங்குனியில் எங்கள் தோப்பின் வடக்கு வரப்போரம் ஒரு முந்திரி மரம் பட்டுப்போனது. அப்பா கையால் வைத்த மரம். விறகு வியாபாரி வந்து முழங்கால் உயரத்தில் ரம்பம் போட்டு அறுத்து ஏற்றிக்கொண்டு போனார். பணம் கைக்கு வந்தது. வேரோடு மண்ணில் நிற்கும் அடிக்கட்டையான தூர் அப்படியே நின்றது. தூர் தோண்ட ஆளுக்குக் கூலி யார் கொடுப்பது என்று நானும் கேட்கவில்லை, அவரும் கேட்கவில்லை.

அடுத்த தை மாதம், கொட்டை பொறுக்க வசதியாகத் தோப்பைக் கூட்டிச் சுத்தம் செய்யும்போது அந்தத் தூரில் கடப்பாரை பட்டது. பட்டை பெயர்ந்து விழுந்தது. உள்ளே மரமே இல்லை. இறுக்கி அடைத்த மரத்தூள்தான் இருந்தது. ஒரு கை கனமுள்ள வேரைப் பிளந்து பார்த்தேன். அதற்குள் வெள்ளை வெளேரென்று, சுண்ணாம்பால் செய்த சின்ன முட்டை போல ஒரு கூடு. நகத்தால் கீறினால் மாவாக உதிர்ந்தது. உடைத்தேன். கரும்பழுப்பும் சிவப்பும் கலந்த ஒரு வண்டு, உடம்பு நீளத்துக்கு இருக்கும் உணர்கொம்பை முதுகின் மேல் மடித்துக்கொண்டு, வெளியே வரக் காத்திருந்தது. தூர் முழுக்கத் தோண்டியதில் ஏழு கூடு கிடைத்தன. மூன்றில்தான் வண்டு இருந்தது. நான்கு காலி.

அந்த நான்கும் எங்கே போயின என்று இந்த வருஷம் தெரிந்துவிட்டது. வரப்புக்கு அந்தப் பக்கம் சித்தப்பாவின் தோப்பில் மூன்று மரங்களின் இலை மஞ்சளாகிவிட்டது. அவர் என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. அவருக்கு ஏன் என்றே தெரியாது. நானாகப் போய்ச் சொன்ன பிறகுதான், இதை எல்லோருக்கும் எழுதிவிட வேண்டும் என்று தோன்றியது.

தண்டு, வேர்த் துளைப்பான் என்று அதிகாரிகள் சொல்வது இந்த வண்டின் புழுவைத்தான். வண்டு மரத்தைத் தின்று கெடுப்பதில்லை. அது தூரின் பட்டை வெடிப்பிலும், மண் அரித்து வெளியே தெரியும் வேரிலும் அரிசி போல ஒவ்வொரு முட்டையாக வைத்துவிட்டுப் போகும். ஒரு வாரத்துக்குள் பொரித்த புழு பட்டைக்கு அடியில் நுழைந்து, மரத்துக்குச் சாறு ஏறி இறங்கும் பகுதியைத் தின்றபடி சுற்றி வரும். ஆறேழு மாதம் தின்னும். நன்றாக வளர்ந்த புழு நம் சுண்டுவிரலை விட நீளமாக, வெண்ணெய் நிறத்தில் இருக்கும். கடைசியில் மரத்துக்குள்ளோ வேருக்குள்ளோ போய் நான் பார்த்த அந்தச் சுண்ணாம்புக் கூட்டைக் கட்டிக்கொள்ளும்.

நாம் செய்யும் தப்பு, மரத்தை அண்ணாந்து பார்ப்பது. இலை மஞ்சளாகிக் கொட்டும்போது ஓடிப்போய் மருந்து கேட்கிறோம். அது கண்கெட்ட பிறகு செய்யும் சூரிய நமஸ்காரம். இலை மஞ்சளாகி, தூரைச் சுற்றியுள்ள பட்டையில் பாதிக்கு மேல் புழு தின்றுவிட்டது என்றால் அந்த மரம் பிழைக்காது. அதன் பிறகு எத்தனை ரூபாய்க்கு மருந்து ஊற்றினாலும் அது மண்ணுக்குத்தான் போகும்.

அதனால் குனிந்து பாருங்கள். தூரைச் சுற்றிச் சருகை ஒதுக்கிவிட்டு, மண்ணை ஒரு சாண் பறித்துவிட்டுப் பாருங்கள். பிசின் கசிந்து, அதோடு ஈர மரத்தூள் கலந்து உருண்டை உருண்டையாக ஒட்டியிருந்தால் உள்ளே புழு இருக்கிறது. வெறும் பிசின் மட்டும் வடிந்தால் பதற வேண்டாம், வேறு காரணமும் இருக்கலாம். தூளும் சேர்ந்து வருகிறதா என்பதுதான் கேள்வி.

இருந்தால் உளியும் கொடுவாளும் போதும். தூள் வரும் இடத்தில் பட்டையை மெல்லச் சீவினால் புழு போன பாதை தெரியும். அந்தப் பாதையோடு மட்டும் போங்கள். ஆத்திரத்தில் நல்ல பட்டையையும் சேர்த்து வளைத்துச் செதுக்கிவிட்டால், புழு செய்ய நினைத்ததை நாமே செய்து முடித்தது போல் ஆகிவிடும். எங்கள் பக்கத்தில் ஒருவர் அப்படியே ஒரு மரத்தைச் சுற்றிப் பட்டை உரித்துவிட்டார், பாவம். உள்ளே ஆழமாகப் போன புழுவை, சைக்கிள் போக்ஸ் கம்பியின் முனையைக் கொக்கியாக வளைத்து இழுக்கலாம். வரும் புழுவை எண்ணுங்கள். ஒரு மரத்தில் ஒன்றிரண்டு எடுத்ததும் நிறுத்திவிடாதீர்கள், பத்துப் பதினைந்து இருந்த மரங்களை நானே பார்த்திருக்கிறேன். எடுத்து முடித்ததும் காயத்திலும், தூரிலிருந்து மார்பளவு உயரம் வரையிலும் வேப்பெண்ணெய் பூசுங்கள். ஒரு லிட்டர் தண்ணீருக்கு 50 மில்லி வேப்பெண்ணெய், கரைய கொஞ்சம் சோப்பு. தை மாசி, வைகாசி ஆனி, ஆவணி புரட்டாசி என்று வருஷத்தில் மூன்று முறை. வெளியே தெரியும் வேரை மண் போட்டு மூடுங்கள். முட்டை வைக்க அதற்கு இடம் கொடுக்காமல் இருப்பதே பாதி வேலை.

மருந்து பற்றி ஒரு விஷயத்தை அழுத்திச் சொல்ல வேண்டும். சென்ற வருஷம் ஒரு பயிற்சிக் கூட்டத்தில் எங்களுக்கு ஒரு துண்டுத்தாள் கொடுத்தார்கள். அதில் தூரில் பூச கார்பரில், வேர் வழியாகச் செலுத்த மோனோகுரோட்டோபாஸ் என்று இருந்தது. கார்பரிலை 2018 ஆகஸ்டிலேயே மத்திய அரசு தடை செய்துவிட்டது. மோனோகுரோட்டோபாஸையும் 2023-இல் வந்த ஆணை விலக்கிவிட்டது. 2013-இல் பீகாரில் மதிய உணவு சாப்பிட்ட 23 பிள்ளைகள் செத்துப்போனது இந்த மோனோகுரோட்டோபாஸ் கலந்த எண்ணெயால்தான். தடை செய்த மருந்தைத் தாளில் போட்டுக் கொடுத்தால், படிக்கிற விவசாயி அதைத் தேடித்தான் போவான். எங்கேயோ மூலையில் கிடக்கும் பழைய டப்பாவை யாரோ ஒருவர் கூடுதல் விலைக்கு விற்பார். தோட்டக்கலைத் துறை அதிகாரிகளிடம் இதைத்தான் கேட்கிறேன். பழைய தாளை அச்சடிப்பதை நிறுத்துங்கள். விருத்தாசலம் மண்டல ஆராய்ச்சி நிலையம் நமக்குப் பக்கத்திலேயே இருக்கிறது, வி.ஆர்.ஐ. 3 முந்திரி ரகத்தையே நமக்குக் கொடுத்தவர்கள். இன்றைக்கு எது சட்டப்படி செல்லும், எது செல்லாது என்று அவர்களைக் கேட்டு ஒரு பக்கம் எழுதிக் கொடுத்தால் போதும்.

முந்திரி வைத்திருக்கும் நாம் கேரளாவின் காசர்கோட்டை மறக்கவே கூடாது. அங்கே தேயிலைக் கொசு என்ற சாறு உறிஞ்சும் பூச்சிக்காக முந்திரித் தோட்டங்களின் மேல் ஹெலிகாப்டரில் வருஷக்கணக்கில் எண்டோசல்பான் என்ற பூச்சிமருந்தைத் தெளித்தார்கள். 2011-இல் உச்ச நீதிமன்றம் தடை போடுவதற்குள் ஒரு தலைமுறைப் பிள்ளைகள் பாதிக்கப்பட்டுவிட்டார்கள். அது வேறு பூச்சி, வேறு மருந்துதான். ஆனால் கொட்டை பொறுக்குவது நம் வீட்டுப் பெண்கள். மருந்து ஊற்றிய தூரின் அடியில் உட்கார்ந்து சோறு சாப்பிடுவதும் அவர்கள்தான்.

தானே புயலுக்குப் பிறகு என்ன ஆனது என்று பெரியவர்களுக்கு ஞாபகம் இருக்கும். 2011 டிசம்பர் 30 விடியலில் அடித்த காற்றில் பாதித் தோப்பு படுத்துவிட்டது. படுத்த மரத்தை உடனே அகற்ற ஆளும் இல்லை, பணமும் இல்லை. வேர் பாதி அறுந்து சாய்ந்தபடி பிழைத்துக் கிடந்த மரங்களில் அடுத்தடுத்த வருஷங்களில் இந்தப் புழுவை நாங்கள் ஏராளமாகப் பார்த்தோம். காற்று கொண்டுபோனது போக மீதியைப் புழு தின்றது என்று அப்பா சொல்வார். அன்றைக்கு நமக்கு வழி இல்லை. இன்றைக்கு ஜேசிபி எந்த ஊருக்கும் வருகிறது. ஒரு தெருக்காரர்கள் சேர்ந்து ஒரே நாளில் வரவழைத்தால், பத்துத் தோப்பின் தூரையும் ஒரு பகலில் பிடுங்கிவிடலாம். தனித்தனியாகக் கூப்பிட்டால்தான் வாடகை கட்டுப்படியாகாது.

விறகு வியாபாரிகளே, உங்களுக்கு ஒரு வேண்டுகோள். மரத்தைத் தூரோடு பேசுங்கள். தூர் தோண்டும் கூலியைக் கழித்துக்கொண்டு விலை சொல்லுங்கள், நாங்கள் ஒப்புக்கொள்கிறோம். அப்புறம், பட்டையோடு இருக்கும் முந்திரிக் கட்டையைத் தோப்போரம் மாதக்கணக்கில் அடுக்கி வைக்காதீர்கள். மரம் செத்துவிட்டாலும் உள்ளிருக்கும் புழு சாவதில்லை, அது அந்தக் கட்டையிலேயே வளர்ந்து வண்டாகி வெளியே வரும். கோடைக்கு முன் அந்தக் கட்டை அடுப்புக்கோ சூளைக்கோ போய்விட்டால் எல்லோருக்கும் நல்லது.

பலாவுக்கு வருவது இன்னொரு வண்டு. சாம்பல் நிறம், கழுத்தருகே செம்மஞ்சளாக இரண்டு புள்ளி. இரண்டங்குல நீளம் இருக்கும். மாமரத்திலும் இதே வண்டுதான். இதன் புழு முந்திரிப் புழுவை விடப் பெரியது, நடுமரத்துக்கே போய்விடும். அது தள்ளும் தூள் மாவாக இருக்காது, இழை இழையாக, தச்சர் இழைப்புளி போட்ட மாதிரி இருக்கும். பட்டை வெடித்த இடத்திலும் காயத்திலும் முட்டை வைப்பது இதன் வழக்கம். மரம் ஏறுவதற்காகக் கொடுவாளால் படி வெட்டுவது, ஆணி அடிப்பது, காய் இறக்கும்போது காம்போடு பட்டையையும் கிழிப்பது இதையெல்லாம் குத்தகைக்காரரிடம் கண்டிப்பாகப் பேசி நிறுத்துங்கள். வெட்டிய கிளையின் முகத்தில் மயில்துத்தமும் சுண்ணாம்பும் கலந்த போர்டோ பசை தடவுங்கள். தஞ்சாவூர் வீணைக்கு நம் ஊர்ப் பலாக்கட்டை போகிறது. வீணைக்குக் கொடுக்கிற அளவுக்கு ஒரு மரம் முதிர எத்தனை வருஷம் காத்திருக்கிறோம். அதில் ஒரு புழு நடுவில் ஓட்டை போட்டால் அது விறகுதான்.

தச்சர் அண்ணன்மார்களுக்கு. வீட்டில் கட்டில் உளுத்து மாவு கொட்டுகிறது என்றால், தோப்பிலிருந்து வண்டு வந்துவிட்டது என்று பலர் பயப்படுகிறார்கள். இல்லை. தோப்பு வண்டு பட்டையுள்ள மரத்தில்தான் முட்டை வைக்கும். கட்டிலைக் கெடுப்பது அரிசிவண்டு அளவில் இருக்கும் வேறு வண்டு, காய்ந்த மரத்திலுள்ள மாவுச்சத்துக்காக வருவது. அதனால்தான் அது வைரம் பாய்ந்த கட்டையைத் தொடுவதில்லை, வெளிச்சுற்றில் இருக்கும் வெள்ளையைத்தான் தின்னும். மாங்கட்டை, ரப்பர் கட்டை, மூங்கில் எல்லாம் அதற்குக் கொண்டாட்டம். விலை குறைவு என்று வெள்ளையோடு சேர்த்து அறுத்துப் பாலிஷ் போட்டுக் கொடுத்தால், ஏற்கெனவே உள்ளே இருக்கும் புழு ஒரு வருஷம் கழித்துத் துளை போட்டு வெளியே வந்து உங்கள் பெயரைக் கெடுக்கும்.

அந்தக் காலத்தில் மூங்கிலையும் கட்டையையும் குளத்தில் ஊறப்போட்டது சும்மா இல்லை, தண்ணீர் அந்த மாவுச்சத்தைக் கரைத்து எடுத்துவிடும். இப்போது குளம் இல்லாவிட்டாலும், அறுத்த பச்சைப் பலகையை ஈரம் காய்வதற்குள் வெண்காரமும் போரிக் அமிலமும் கரைத்த தண்ணீரில் நனைத்து, சில வாரம் மூடி வைத்தால் மருந்து உள்ளே இறங்கும். காய்ந்து பாலிஷ் போட்ட பிறகு இதைப் பூசிப் பிரயோஜனம் இல்லை. வீட்டுக்காரர்கள், கட்டிலுக்கு அடியில் ஒரு கறுப்புத் தாளை விரித்து இரண்டு வாரம் விட்டுப் பாருங்கள். புதிதாக வெளிர்மாவு விழுந்திருந்தால் உள்ளே உயிர் இருக்கிறது. விழாவிட்டால் அது பழைய துளை, மெழுகு வைத்து அடைத்துவிடலாம். தயவுசெய்து அலுமினியம் பாஸ்பைடு மாத்திரையை வாங்கி அலமாரிக்குள் வைக்காதீர்கள். அது விடும் விஷவாயுவுக்கு மாற்று மருந்தே கிடையாது. சட்டப்படி அதைச் சாதாரண ஆள் வாங்கவே முடியாது.

சரி, தோப்புக்கே வருகிறேன். இந்தத் தையில் பொங்கல் முடிந்த முதல் ஞாயிற்றுக்கிழமை எங்கள் தோப்பில் மீதியிருக்கும் இரண்டு தூரும், சித்தப்பா தோப்பில் மூன்று மரமும் வேரோடு எடுக்கிறோம். வண்டிக்குச் சொல்லியாகிவிட்டது. அன்றைக்கு வர முடிந்தவர்கள் வாருங்கள். வேரைப் பிளந்து அந்த வெள்ளைக் கூட்டை உங்கள் கையில் கொடுக்கிறேன். அதை ஒரு முறை உடைத்துப் பார்த்தவர் தன் தோப்பில் தூரை நிற்க விடமாட்டார் என்று நம்புகிறேன். வண்டி சாயங்காலம் வரை இருக்கும். உங்கள் தோப்பிலும் தூர் இருந்தால் முன்கூட்டியே சொல்லுங்கள், அப்படியே வந்துவிடச் சொல்கிறேன்.

அன்புடன்,
பண்ருட்டி வட்டத்து முந்திரி விவசாயி ஒருவர்