டோனி லெவின் கேமராவை எடுக்கும் வரை

கச்சேரியில் முன்வரிசையில் உட்கார்ந்து, கைபேசியைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடிக்கும் ராக் ரசிகர்களுக்கு,

வணக்கம். போன முறை உங்களுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தவன் எழுதுகிறேன். இரண்டு மணி நேரக் கச்சேரியில் டிரம்மரை நான் பார்த்தது பெரும்பாலும் உங்கள் திரையில்தான், அதுவும் கட்டைவிரல் அளவில். திட்டுவதற்காக இதை எழுதவில்லை. சரி, கொஞ்சம் திட்டவும்தான். ஆனால் இந்தச் சிக்கலுக்கு இங்கிலாந்தின் கிங் கிரிம்சன் என்ற ராக் குழு ஓர் அழகான வழி வைத்திருந்தது. அதைச் சொல்லிவிடலாம் என்று தோன்றியது.

2014 இல் கிரிம்சன் ஏழு பேராக மறுபடி மேடையேறியது. மூன்று டிரம்ஸ் செட்டுகள் மேடையின் முன்னால்; மற்ற நால்வரும் அவற்றுக்குப் பின்னால், சற்று உயரமான தளத்தில். 1969 முதல் எல்லா அணிகளிலும் இருந்த ஒரே ஆள் கிதார் கலைஞர் ராபர்ட் ஃப்ரிப். அவரோ பின்வரிசை ஓரத்தில் ஒரு ஸ்டூலில் உட்கார்ந்து வாசித்தார். கச்சேரி நடக்கும்போது படம் எடுக்கக் கூடாது, பதிவு செய்யக் கூடாது என்று முன்னாலேயே சொல்லிவிடுவார்கள். கடைசியில், எல்லாம் முடிந்து கைதட்டல் எழும்போது, பேஸ் வாசிக்கும் டோனி லெவின் தன் கேமராவை எடுத்து அரங்கத்தை நோக்கிப் பிடிப்பார். அதுதான் சைகை. அவர் நம்மைப் படம் எடுக்கும் நேரத்தில் நாமும் அவர்களை எடுத்துக்கொள்ளலாம்.

இதை ஃப்ரிப்பின் பிடிவாதம் என்று சிரிப்பவர்கள் உண்டு. பிடிவாதக்காரர்தான், மறுக்கவில்லை. 1974 இல் குழுவைக் கலைத்தார், 1981 இல் கூட்டினார், 1984 இல் மறுபடி நிறுத்தினார், பத்து வருடம் கழித்துத் திரும்பி வந்தார். ஒவ்வொரு முறையும் அணி வேறு, ஓசை வேறு. ஆனால் இந்த ஒரு விஷயத்தில் அவர் பக்கம்தான் நான்.

‘ஸ்டார்லெஸ்’ பாட்டையே எடுத்துக்கொள்ளுங்கள். 1974 இல் வந்தது, இசைத்தட்டில் பன்னிரண்டு நிமிடத்துக்கும் மேல். பாட்டு ஓய்ந்ததும் பேஸ் ஒரு 13 எண்ணிக்கைத் தாளத்தில் நடக்கத் தொடங்கும். அதன் மேல் கிதார் ஒரே சுரத்தைத் தட்டித் தட்டி, அவசரமே இல்லாமல் படியேறும். பல நிமிடம் வேறு எதுவும் நடக்காது. எதுவும் நடக்காததுபோலத் தோன்றும், அவ்வளவுதான். நெஞ்சுக்குள் ஏதோ இறுகிக்கொண்டே போகும். பிற்காலக் கச்சேரிகளில் இந்த இடத்தில்தான் மேடை விளக்குகள் மெல்ல மெல்லச் சிவப்பாக மாறும். அந்தச் சிவப்புக்கு நடுவே ஐம்பது வெள்ளைத் திரைகள் மினுங்கினால் எப்படி இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

எனக்கு மிகவும் பிடித்த கிரிம்சன் கதை ஒன்று உண்டு. 1973 நவம்பரில் ஆம்ஸ்டர்டாமின் கான்செர்ட்கெபௌ அரங்கில் நால்வரும் மேடையிலேயே ஒரு மெட்டை உருவாக்கத் தொடங்கினார்கள். வயலின், பேஸ், நாடாவில் பதிந்த ஓசைகளை விசைகளால் எழுப்பும் மெல்லோட்ரான், மூன்றும் மிக மெல்லிய குரலில். டிரம்மர் பில் புரூஃபர்ட் தாளம் தேவைப்படும் ஓர் இடத்துக்காகக் காத்திருந்தார். அது வரவே இல்லை. கடைசி வரை ஒரு தட்டும் தட்டாமல் இருந்துவிட்டார். அந்த வாசிப்பு அடுத்த ஆண்டு ஆல்பத்தில் ‘ட்ரியோ’ (மூவர்) என்ற பெயரில் வந்தபோது, இயற்றியவர்கள் வரிசையில் அவர் பெயரும் இருந்தது. வாசிக்காமல் இருந்ததும் அந்த இசையில் அவர் பங்குதான் என்று மற்ற மூவரும் முடிவு செய்தார்கள். மெட்டு அந்த நிமிடத்தில்தான் பிறந்துகொண்டிருந்தது. அவர் ஒரு தட்டுத் தட்டியிருந்தால் போயிருக்கும். உங்களில் ஒருவர் அப்போது ஃபிளாஷ் அடித்திருந்தாலும் அதே கதிதான்.

நீங்கள் என்ன சொல்வீர்கள் என்று எனக்குத் தெரியும். திருட்டுப் பதிவுகள் இல்லையென்றால் பழைய கிரிம்சனைப் பற்றி நமக்கு என்ன தெரிந்திருக்கும்? நியாயமான கேள்வி. முதல் அணி 1969 ஜனவரியில் லண்டனில் ஒரு காபிக் கடையின் நிலவறையில் ஒத்திகை பார்க்கத் தொடங்கியது. ஜூலை 5 அன்று ஹைட் பார்க்கில் ரோலிங் ஸ்டோன்ஸுக்கு முன்னால் லட்சக்கணக்கானவர்கள் எதிரே வாசித்தது. அக்டோபரில் முதல் ஆல்பம். டிசம்பரில், அமெரிக்கப் பயணம் முடியும்போதே, இயன் மெக்டொனால்டும் மைக்கேல் ஜைல்ஸும் விலகிவிட்டார்கள். ஒரு வருடம்கூட முழுதாக நிற்காத அந்த அணியின் மேடை ஓசையில் ஒரு பகுதி, யாரோ ஒளித்துக் கொண்டுபோன கருவியில் பதிந்ததால்தான் மிஞ்சியது. குழுவின் சொந்த நிறுவனமே பின்னாளில் அப்படிப்பட்ட நாடாக்களைச் சுத்தம் செய்து வெளியிட்டது. 1995 இல் பியூனஸ் ஐரிஸ் கச்சேரிகளை வெளியிட்டபோது அட்டையிலேயே ‘அதிகாரபூர்வ பூட்லெக்’, அதாவது அதிகாரபூர்வத் திருட்டுப் பதிவு, என்று போட்டார்கள். குழுவே வெளியிட்ட 1972 நேரடி ஆல்பமும் கேசட்டில் பதிந்ததுதான். அதன் ஓசையைப் பற்றிப் பேசாமல் இருப்பதே மரியாதை.

ஆனால் அந்த நாடாக்காரரையும் உங்களையும் ஒரே தட்டில் வைக்க முடியவில்லை. அவர் கோட்டுக்குள் கருவியை மறைத்துக்கொண்டு மூச்சைப் பிடித்து உட்கார்ந்திருப்பார். இருமினால் பதிவு கெட்டுவிடுமே. அந்த அரங்கத்திலேயே மிகக் கவனமாகக் கேட்டவர் அவராகத்தான் இருந்திருப்பார். யார் கண்ணையும் அவர் மறைக்கவில்லை. நீங்கள் எடுக்கும் நாற்பது விநாடிப் படத்தில் கேட்பது பெரும்பாலும் பக்கத்து இருக்கைக்காரரின் விசில்.

2021 டிசம்பர் 8 அன்று டோக்கியோவில் கிரிம்சனின் ஜப்பான் பயணத்தின் கடைசிக் கச்சேரி, கடைசிப் பாட்டு ‘ஸ்டார்லெஸ்’. அதற்குப் பிறகு கிரிம்சன் மேடையேறவில்லை. முதல் அணியில் பாடிய கிரெக் லேக்கும், 1974 இல் ‘ஸ்டார்லெஸ்’ பாடிய ஜான் வெட்டனும் அதற்கு முன்பே இறந்துவிட்டார்கள். மெக்டொனால்ட் அடுத்த பிப்ரவரியில். லெவினும், எண்பதுகளின் கிரிம்சனில் பாடிய ஏட்ரியன் பெலூவும் கிதார் கலைஞர் ஸ்டீவ் வாய், டிரம்மர் டேனி கேரியோடு சேர்ந்து 2024 இல் ‘பீட்’ என்ற பெயரில் எண்பதுகளின் கிரிம்சன் பாட்டுகளோடு கிளம்பினார்கள். உங்களில் சிலர் போயிருப்பீர்கள்.

நான் கேட்பது இவ்வளவுதான். மேடையில் யாரும் கேமராவைக் கையில் எடுக்காவிட்டாலும் பரவாயில்லை, கடைசிப் பாட்டு முடிந்து அவர்கள் வரிசையாக நின்று தலை வணங்கும்போது எடுங்கள். அப்போது நானும் எழுந்து நிற்பேன், என் கைபேசியும் வெளியே வரும். உங்கள் தலை என் படத்தில் விழுந்தாலும் கோபப்பட மாட்டேன்.

அன்புடன்,
உங்களுக்குப் பின்வரிசையில் இருப்பவன்