திரும்பி வந்த லிம்ஃபோமாவுக்கான ஊசி மருந்தைக் காப்பீட்டில் வழங்கக் கோரி மறுமனு

அனுப்புநர்:
நெசவாளர் ஒருவரின் மனைவி, பீடித் தொழிலாளி,
குடியாத்தம் வட்டம், வேலூர் மாவட்டம்.

பெறுநர்:
உயர்திரு மாவட்ட ஆட்சித் தலைவர் அவர்கள்,
சத்துவாச்சாரி, வேலூர்.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். என் கணவருக்கு ஹாட்ஜ்கின் லிம்ஃபோமா என்ற நிணநீர்ப் புற்றுநோய். முதல் கீமோவில் அடங்கிய நோய் ஒரு வருடத்துக்குள் கழுத்தில் நெறிகட்டித் திரும்பி வந்தது. அடுத்து வேறு கீமோ கொடுத்தும் முழுசாக அடங்கவில்லை. இப்போது மருத்துவர் எழுதிக் கொடுத்திருப்பது பிரென்டுக்சிமாப் வெடோடின் என்ற ஊசி மருந்து. இதற்காக உரிய இடத்தில் ஏற்கெனவே கொடுத்த மனுக்களுக்குப் பதில் வராததால் தங்களிடம் வந்திருக்கிறேன்.

1. இது சோதனை மருந்து அல்ல. திரும்பி வந்த ஹாட்ஜ்கின் லிம்ஃபோமாவுக்கு அமெரிக்காவில் 2011-லேயே ஒப்புதல் பெற்றது. புற்றுச் செல்லின் மேலுள்ள சிடி30 என்ற புரதத்தைத் தேடிப் போய் ஒட்டிக்கொண்டு, உள்ளே நுழைந்த பிறகுதான் செல்லைக் கொல்லும் மருந்தை அவிழ்த்து விடுமாம். கட்டி நன்றாக அடங்கினால் ஸ்டெம் செல் மாற்று சிகிச்சைக்குப் போகலாம் என்று மருத்துவர் சொல்லியிருக்கிறார்.

2. மூன்று வாரத்துக்கு ஒருமுறை ஊசி. அரை மணி நேரத்தில் ஏறிவிடும்.

3. எங்களை அழிப்பது மூன்றாவது குப்பி ஐயா. கிலோவுக்கு 1.8 மில்லிகிராம் கணக்கு. அவர் எடை 64 கிலோ, ஆக 115 மில்லிகிராம் வேண்டும். ஒரு குப்பியில் இருப்பது 50. இரண்டு வாங்கினால் போதாது; மிச்சம் 15 மில்லிகிராமுக்காக இன்னொரு முழுக் குப்பி வாங்க வேண்டும். அதில் எடுத்தது போக மீதி 35 மில்லிகிராம் குப்பைக்குப் போகிறது. என் தாலிக்கொடியை அடகு வைத்து வாங்கியது அந்தக் குப்பி. கண்ணெதிரே நர்ஸ் அதை மருத்துவக் கழிவுக்கான மஞ்சள் கூடையில் போட்டார். அவர் மேல் தப்பில்லை, மருத்துவமனை விதி அப்படி. ஆயிரம் பீடி சுற்றினால் கைக்கு என்ன வரும் என்பது இந்த மாவட்டத்தில் தங்களுக்குத் தெரியாததல்ல. இரண்டு குப்பிக்குக் கடன் கிடைத்தாலும் மூன்றாவதுக்குக் கிடைப்பதில்லை. ஊசித் தேதி தள்ளிப் போகிறது. தள்ளிப் போனால் கழுத்தில் கட்டி மறுபடி கையில் தட்டுப்படுகிறது. அதைத் தடவிப் பார்த்துவிட்டு "சின்னதாத்தான் இருக்கு" என்று அவர் எனக்குச் சமாதானம் சொல்கிறார்.

4. முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டு அட்டை எங்களிடம் இருக்கிறது. குடும்பத்துக்கு வருடம் ஐந்து லட்சம் வரை என்கிறார்கள். கேட்கப் போனால் "பட்டியலில் இல்லை" என்று வாயால் ஒரு வரி. அதையாவது எழுதித் தாருங்கள் என்றால் அதுவும் இல்லை. பட்டியலை நாங்களா போட்டோம்? நோய் பட்டியல் பார்த்தா வருகிறது?

5. அடுக்கம்பாறை அரசு மருத்துவமனையில் இந்த மருந்தை வாங்கி வைத்து, இது தேவைப்படும் இரண்டு பேரை ஒரே நாளில் வரச் சொன்னால் மிச்சம் வீணாகாது. கலக்கிய மருந்தைக் குளிர்பெட்டியில் வைத்து 24 மணி நேரத்துக்குள் போடலாம் என்கிறார்கள். எங்களுக்கும் வேகாத வெயிலில் குடியாத்தம் பஸ்ஸில் மருந்து வைத்த ஐஸ் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு வரும் பாடு இருக்காது. எங்கள் ஊர் அம்மன் கோயில் சிரசுத் திருவிழா சமயத்து வெயிலைத் தாங்களே பார்த்திருப்பீர்கள்.

6. மருந்தால் விரல் நுனி மரத்துப் போய், அறுந்த இழையைப் பிடித்து முடிச்சுப் போட அவரால் முடியவில்லை. தறி நிற்கிறது.

ஆகவே காப்பீட்டில் சிறப்பு அனுமதியோ, அரசு மருத்துவமனை வழியாக மருந்தோ, எது முடியுமோ அதைச் செய்து தரும்படி தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறேன். முடியாதென்றால் அதை எழுத்தில் கொடுங்கள், மேலே கொண்டு போகிறேன். எதுவானாலும் அடுத்த ஊசித் தேதிக்கு முன் வேண்டும் ஐயா. தேதி மருத்துவர் சீட்டில் இருக்கிறது.

பயாப்ஸி, பெட் ஸ்கேன் அறிக்கைகள், மருத்துவர் சீட்டு, குடும்ப அட்டை, காப்பீட்டு அட்டை, பழைய மனுக்களின் ரசீது ஆகியவற்றின் நகல்களை இணைத்துள்ளேன். ரசீது எண்ணைத் தேடிக்கொண்டு வா என்று திரும்பவும் அனுப்ப வேண்டாம். எல்லாம் மேல் தாளிலேயே எழுதியிருக்கிறது.

இப்படிக்கு,
மனுதாரர்