ஆண்டறிக்கை: நம்ம ஊரு சினிமா சங்கம், காரைக்குடி

எல்லாருக்கும் வணக்கம். வரவு செலவை பொருளாளர் அண்ணன் படிப்பாக, நான் அதுக்குள்ள போகல. இந்த வருசம் போட்ட படங்கள்ல ஒன்னப் பத்தித்தான் சொல்ல இருக்கு, மத்ததெல்லாம் வந்தோம் பாத்தோம் வெள்ளைப் பணியாரம் சாப்ட்டோம்னு போயிருச்சு.

அது 2019ல வந்த குயீன் அண்ட் ஸ்லிம்ங்கிற அமெரிக்கப் படம். டைரக்டர் மெலினா மட்சூகாஸுக்கு முதல் சினிமா, திரைக்கதை லீனா வெய்த், ரெண்டு பேருமே கறுப்பினப் பெண்கள். கறுப்பினப் பையன் ஒருத்தனும் பொண்ணும் முதல் தடவ சந்திச்சு சாப்ட்டுட்டு கார்ல திரும்புறப்ப போலீஸ்காரர் மறிக்கிறாரு, தகராறு முத்தி பையன் தற்காப்புக்குச் சுட்டதுல அவரு செத்துர்றாரு, அப்பறம் ஒஹையோலருந்து ஃப்ளோரிடா வரைக்கும் ஓட்டந்தான், காதலே அந்த ஓட்டத்துலதான் வருது.

வளவுல திரை கட்டிப் போட்டோம். நைட் சீன் வந்ததும் ப்ரொஜெக்டர் மானத்த வாங்கிருச்சு, ஹீரோ மூஞ்சியக் காணோம், சட்டை மட்டும் நடந்து போகுது. பின்னாடி ரெண்டு பயலுக சிரிச்சாங்ய. நம்ம டீச்சர் ஆச்சி திரும்பி, "கோளாறு மிசின்லடா, அவுக மூஞ்சில இல்ல"ன்னாக, அம்புட்டுத்தான், சத்தமே இல்ல. முகப்பு லைட்ட அணைச்சு, செட்டிங்க மாத்துனப்பறம் பாத்தா கன்னத்துல விழுற வெளிச்சம் வரைக்கும் அப்படித் தெளிவா தெரியுது.

படம் முடிஞ்சு பேச்சு அதுலயே நின்னுச்சு. அந்தக் காலத்துல போட்டோ லேப்ல கலர் சரியா இருக்கான்னு பாக்க ஷர்லி கார்டுன்னு வெள்ளக்காரப் பொண்ணு படத்தத்தான் வச்சிருந்தாக, அதனால கறுத்த மூஞ்சி சரியா விழாதுன்னு நான் சொன்னேன். ஆச்சி உடனே, "எங் கல்யாண ஆல்பத்துல நான் யாரோ மாதிரி இருப்பேன், ஸ்டூடியோக்காரன் அம்புட்டு வெளுத்துட்டான்"னாக.

ஹீரோ ஹீரோயின் ரெண்டு பேருமே பிரிட்டிஷ்காரங்களாச்சே, அமெரிக்கக் கதைக்கு ஏன்னு ஒரு தம்பி கேட்டாப்ல. நல்ல கேள்விதான், ஆனா நம்ம கதைய பாருங்க. 1946ல ஏவிஎம் ஸ்டூடியோவ இங்கிட்டு தேவகோட்டை ரஸ்தாவுலதான் ஆரம்பிச்சாக, அப்பறம் மெட்ராஸ் போயிட்டாக. இன்னைக்கும் கானாடுகாத்தான் பக்கம் ஷூட்டிங் வேன் நிக்கிது, நம்ம தேக்குத் தூணு, ஆத்தங்குடி கல்லு எல்லாம் படத்துல வருது, நம்மாளுக மட்டும் தாம்பாளம் தூக்கிட்டு ஓரமா போறாக, பேச்சும் மதுரைப் பேச்சு! இத ஒரு மணி நேரம் பேசுனோம், எனக்கு இன்னும் ஆறல.

அப்பத்தான் ஒரு ஆச்சி எங்க நிர்வாகக் குழுவப் பாத்து, "இதுல பொம்பளையாளு எங்கப்பச்சி?"ன்னாக. பதில் இல்ல. அதனால அடுத்த வருசம் படம் தேர்வு பண்றது டீச்சர் ஆச்சி பொறுப்பு, லிஸ்ட்டும் குடுத்துட்டாக. நிர்வாகத்துக்கு பேரு குடுக்குற ஆச்சிமாரு இன்னைக்கே குடுத்துரலாம். ப்ரொஜெக்டருக்கு புது பல்பு வாங்கணும், நன்கொடை தர்றவக பணியாரம் தீர்றதுக்குள்ள என்னப் பாருங்க.

இப்படிக்கு,
செயலாளர்